எல்லா ஆட்டோமேட்டிக் காருக்கும் ஒரே எண்ணெய் போதுமா?

பெங்களூருத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு எந்த ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றினாலும் ஒன்றுதான். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் மலிவானதை வாங்கி நீங்களே மாற்றுங்கள், பணம் மிச்சம்."

இது தவறு. 'ஆட்டோமேட்டிக்' என்று நாம் சொல்வது ஒரே வகை இல்லை. டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் விசையைத் திரவம் வழியாகக் கடத்தும் பாகம்) உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக் கார்களுக்குத்தான் ஏடிஎஃப், அதிலும் தயாரிப்பாளர் சொன்ன தரம் வேண்டும். சிவிடி என்ற வகையில் கியர்ப் படிகள் இல்லை, இரும்புப் பட்டை கப்பியைப் பிடித்து ஓடுகிறது. அதற்குரிய திரவம் இல்லாவிட்டால் பட்டை வழுக்கித் தேயும், கியர்பாக்ஸே போய்விடும். ஏஎம்டி என்ற வகையோ, கிளட்ச்சையும் கியரையும் தானே மாற்றிக்கொண்டாலும், அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ், அதற்குக் கியர் ஆயில்தான். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பெரிய தொகை செலவாவதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கையில் பணம் குறைவு என்றால் வழி இல்லாமல் இல்லை. டார்க் கன்வர்ட்டர் காரில், ஃப்ளஷ் (இயந்திரத்தால் பழைய எண்ணெய் முழுவதையும் வெளியே தள்ளுவது) செய்யாமல், வடித்துவிட்டு ஊற்றினாலே போதும். பழையதில் ஒரு பகுதி கன்வர்ட்டரில் தங்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை மாற்றலாம். வடிப்பதற்கு முன்பே, எண்ணெய் ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பாருங்கள். வடிந்ததை அளந்து, முதலில் அதே அளவு ஊற்றி, பிறகு தயாரிப்பாளர் சொல்லும் வெப்பநிலையில் எண்ணெய் மட்டத்தைச் சரிபாருங்கள்.

எந்தத் திரவம் என்பது பெரும்பாலும் காரோடு வந்த கையேட்டிலேயே இருக்கும். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.