அந்தக் குழலை அப்படியே விட்டுவிடு, தம்பி

முப்பது வருடம் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் நான். துப்பாக்கியைத் தேசிய சேவையில் தூக்கியதோடு சரி. ஆனாலும் இரும்பு விஷயம் என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை.

என்னோடு லேத்தில் நின்ற தம்பி ஒருவன் இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். உரிமமெல்லாம் முறையாக எடுத்து, குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய கேப் துப்பாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறான். போன வாரம் படம் அனுப்பினான். "அண்ணே, இது பிறக்கும்போது சக்கிமுக்கித் துப்பாக்கியாம். பிறகு யாரோ கேப் போடுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். நிப்பிளைக் கழற்றி, குழலில் உள்ள ஓட்டையை வெல்டிங்கில் அடைத்து, பழையபடி ஆக்கிவிடலாமா?"

வேண்டாம் என்றேன். காரணத்தைப் போனில் முழுசாகச் சொல்ல வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

சக்கிமுக்கியில், கல் இரும்புத் தகட்டில் உரசித் தீப்பொறி விழும். குழலுக்கு வெளியே சின்னக் கிண்ணியில் இருக்கும் மருந்து பற்றி, குழலின் பக்கத்துளை வழியாகத் தீ உள்ளே போகும். கிண்ணி மருந்து நனைந்தால் கதை முடிந்தது. 1807இல் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடித்தாலே வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் செம்புக் கேப்: அந்த ரசாயனம் வைத்த சின்ன மூடி. நிப்பிள் என்ற துளையுள்ள முளையின்மேல் அதை மாட்டி, சுத்தி அடித்தால் தீ உள்ளே போகும். 1834இல் லண்டன் பக்கம் வுல்விச்சில் இரண்டையும் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கி ஏறக்குறைய ஆறரை வெடிக்கு ஒன்று பொய்த்தது. கேப் 166க்கு ஒன்றுதான்.

இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1840இல் சீனாவுக்குப் போன பிரிட்டிஷ் படையின் கப்பல்கள் நம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில்தான் கூடின. மறு வருடம் மே மாதக் கடைசியில், இன்று குவாங்சோ எனப்படும் கான்டனுக்கு அருகே இடியும் மழையுமாகக் கொட்டியபோது, 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி தனியாக மாட்டிக்கொண்டது. கையில் சக்கிமுக்கி. மழையில் ஒன்றும் வெடிக்கவில்லை. சுற்றிலும் ஈட்டிகளோடு கூட்டம். துப்பாக்கி முனையில் செருகிய கத்தியை மட்டும் நம்பி நின்றார்கள். கடைசியில் கேப் துப்பாக்கி வைத்திருந்த மரீன் வீரர்கள் வந்துதான் அவர்களை மீட்டார்கள். மதராஸ் படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் என்று நம் பக்கத்து ஆட்கள்தான் இருந்தார்கள். அந்த மழையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

இப்போது தம்பியின் படத்தைப் பாருங்கள். சுத்தி பொருந்தியிருக்கும் பூட்டுத் தகட்டில் பழைய திருகுத் துளைகளை அடைத்த தடம் தெரிகிறது. கிண்ணி இருந்த இடத்தில் வெட்டி ராவியிருக்கிறார்கள். பக்கத்துளையைப் பெரிதாக்கி, மரை வெட்டி, சின்ன உருளையைத் திருகி அதன்மேல் நிப்பிளை நிறுத்தியிருக்கிறார்கள். ராவிய தடம் நேராக இல்லை, ஆனால் உருளை கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் இல்லாத காலத்துக் கம்மியர் ஒருவரின் கைவேலை இது. புதுத் துப்பாக்கி வாங்க வசதியில்லாத ஒருவர், இருப்பதையே மழைக்குத் தாங்கும்படி செய்து கேட்டிருப்பார். அதை அழித்துவிட்டு, இன்று வார்த்து விற்கிற சுத்தியையும் தகட்டையும் மாட்டினால் அது பழைய துப்பாக்கி ஆகிவிடுமா? இரண்டு காலமும் இல்லாத ஒன்றாகத்தான் நிற்கும்.

அப்புறம் இரும்பு. அந்தக் காலத்துக் குழல் பலவும் தேனிரும்புப் பட்டையைச் சுருட்டி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்தவை. நீளத்துக்கு ஒரு ஒட்டு ஓடும். நூற்றைம்பது வருடத் துரு உள்ளே எங்கே தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மருந்து வெடித்து அழுத்தம் உச்சத்துக்கு ஏறுகிற அடிப்பகுதியிலேயே வெல்டிங் சூட்டை வைப்பதற்கு என் கை போகாது. லண்டனிலும் பர்மிங்காமிலும் சோதனைச் சாலையில் அதிக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்துத்தான் குழலில் முத்திரை குத்துவார்கள். குழலில் இப்படிக் கைவைத்துவிட்டால் அந்த முத்திரைக்கு அர்த்தமே இல்லை.

சக்கிமுக்கிக்கு விலை அதிகம் என்பதால் இப்படி மாற்றி விற்பவர்களும் உண்டு. தம்பி அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் அவனுக்குப் பிறகு அது யார் கைக்கோ போகும். அவரிடம் யார் உண்மையைச் சொல்வது? சக்கிமுக்கியில் சுட்டுப் பார்க்கத்தான் ஆசை என்றால், புது எஃகில் செய்து, சோதித்து முத்திரை குத்திய நகல் துப்பாக்கிகள் அங்கே கிடைக்கின்றன. அதை வாங்கட்டும்.

இவ்வளவும் சொல்வதற்கு முன்னால் அவனிடம் ஒன்று கேட்டேன்: உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்த்தாயா? இந்த மாதிரிப் பழைய துப்பாக்கிகளில் கெட்டித்த மருந்து அப்படியே கிடப்பது புதிதல்ல. வாய்க்கு நேராக முகத்தை வைக்காமல், மரக்குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, அடையாளம் போட்டு வெளியே வைத்து அளந்து பார் என்றேன். நிப்பிள் இருக்கும் இடம்வரை குச்சி போகவேண்டும்.

நேற்று இரவு கூப்பிட்டான். நான்கு விரற்கடை முன்னாலேயே குச்சி நின்றுவிட்டதாம். அதைத் தொடாமல் வைத்திருக்கிறான். துப்பாக்கி வேலை தெரிந்த ஆளை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறான். வெல்டிங் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.