குறுக்குவிசைக்கு முதலெழுத்து எதற்கு?

உரை எழுதும் நிரலான எடிட்டரில் புதிதாக ஒரு குறுக்குவிசை (ஒரு கட்டளையைச் சட்டென இயக்கும் விசைச் சேர்க்கை) வைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் கட்டளையின் ஆங்கில முதலெழுத்தைத்தான் தேடுகிறார்கள். அந்த எழுத்து ஏற்கெனவே வேறொன்றுக்குப் போயிருந்தால் ஷிஃப்டைச் சேர்ப்பார்கள். அதுவும் போயிருந்தால் ஆல்ட். கடைசியில் ஒரு வரியை நகர்த்த மூன்று விரல்களை முறுக்க வேண்டியிருக்கும். இந்த வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. முதலெழுத்தின் உதவி முதல் வாரத்தோடு சரி. அதன் பிறகு கை எழுத்தை நினைப்பதில்லை, இடத்தைத்தான் நினைக்கிறது.

தினமும் நாம் கண்ட்ரோலோடு அழுத்தும் இசட், எக்ஸ், சி, வி நான்கையும் பாருங்கள். வெட்டி ஒட்டும் முறையை ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், பிறகு ஆப்பிளுக்குச் சென்று லிசா கணினியில் பணியாற்றினார். லிசா வெளிவந்தது 1983-ல். இந்த விசைகள் வெட்டவும் நகலெடுக்கவும் ஒட்டவும் அமைந்தது அங்கேதான். இதில் சி ஒன்றுதான் முதலெழுத்து. மற்றவை அதற்குப் பக்கத்தில் வரிசையாக இருப்பவை. வலக்கை மவுஸில் இருக்க, இடக்கை இருந்த இடத்திலேயே வேலையை முடித்துவிடுகிறது. ஐபிஎம் 1987-ல் வகுத்த விதிகளின்படி நகலெடுக்கக் கண்ட்ரோலும் இன்செர்ட்டும், ஒட்ட ஷிஃப்டும் இன்செர்ட்டும். இவை விண்டோஸில் இன்றும் வேலை செய்கின்றன. யார் அழுத்துகிறார்கள்?

ஜெர்மன் விசைப்பலகையில் இசட்டும் ஒய்யும் இடம் மாறியிருக்கும். செய்ததை நீக்கும் இசட் விசை மேல் வரிசையின் நடுவே போய்விடுகிறது. நாம் இசட் என்று நினைத்து அழுத்தும் மூலையில், பல நிரல்களில், நீக்கியதைத் திரும்பச் செய்யும் விசை உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சுப் பலகையில் இன்னும் வேடிக்கை. அதே மூலையில் இருப்பது, பல நிரல்களில் கோப்பை மூடும் டபிள்யூ. ஒரு பிழையை நீக்கப் போன விரல் கோப்பையே மூடிவிடும்.

விஐ எடிட்டரை 1976-ல் பில் ஜாய் எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற டெர்மினல், அதாவது திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவி. அதில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையோ இன்று டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. இடம் அப்படி அமைந்ததால் அந்த நான்கும் விரலுக்கு அடியிலேயே நிலைத்தன. எஸ்கேப் மட்டும் பின்னாளில் மூலைக்குத் துரத்தப்பட்டது. விஐயின் வழிவந்த விம் எடிட்டரைப் பயன்படுத்துபவர்கள் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்வது இதனால்தான். ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டர் முதலெழுத்து வழியில் போனது. அடுத்த வரிக்கு என், முந்தைய வரிக்கு பி (P), முன்னால் எஃப், பின்னால் பி (B) என்ற இன்னொரு எழுத்து (தமிழில் எழுதினால் இந்த இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது). நான்கும் பலகையெங்கும் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கண்ட்ரோலை வேறு பிடித்திருக்க வேண்டும். சுண்டுவிரல் வலிக்கு ஈமேக்ஸின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

விஐயிலும் அழிக்க டி, சொல்லுக்கு டபிள்யூ என்று முதலெழுத்துகள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஒற்றை விசையாக, கண்ட்ரோல் இல்லாமல் வருவதால் மன்னித்துவிடுகிறேன்.

தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. தமிழ் உள்ளீடு இயங்கும்போது ஜே விசை ப தரும், கே விசை ம தரும். விம்முக்கு இவை கட்டளைகள் அல்ல, கர்சர் அசையாது. விம்மின் கீமேப் வசதியைப் பயன்படுத்தினால் உள்ளீட்டு நிலையில் மட்டும் தமிழ் வரும், கட்டளை நிலைக்குத் திரும்பியதும் விசைகள் பழைய வேலைக்கு வந்துவிடும்.

என் ஏற்பாடு எளிது. இசட், எக்ஸ், சி, வி நான்கின் வேலையை மாற்றுவதே இல்லை. அடிக்கடி செய்யும் வேலைகள் இடக்கைக்கு. அரிதாகச் செய்பவற்றுக்கு இரண்டடுக்கு விசை: விம்மில் ஸ்பேஸ் அழுத்திப் பிறகு ஓர் எழுத்து, விஎஸ் கோட் எடிட்டரில் கண்ட்ரோல் கே அழுத்திப் பிறகு ஓர் எழுத்து. அரிதானவற்றுக்கு மட்டும் முதலெழுத்தை அனுமதிக்கிறேன், ஏனென்றால் கை அவற்றை ஒருபோதும் பழகப்போவதில்லை. புதிய விசை எதையும் வைக்கும் முன் அது டெர்மினலிலும் (இன்று கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) உலாவியிலும் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுங்கள். கண்ட்ரோல் டபிள்யூ டெர்மினலில் ஒரு சொல்லை அழிக்கும். உலாவியில் அதே பழக்கத்தில் அழுத்தினால், பாதி நிரப்பிய படிவம் தாவலோடு சேர்ந்து போய்விடும்.