நிறமும் மணமும் சுவையும் மட்டும் போதுமா?
நிறம், சுவை, மணம் மாறாத நீரே தூய நீர் என்னும் இஸ்லாமியச் சட்ட அளவுகோலும் இன்றைய மருத்துவ அறிவியலும் ஒன்றையே சொல்கின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரை முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அளவுகோல் தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளுவுக்கும் மார்க்கக் கடமையான குளிப்புக்கும் உரிய தூய்மையைப் பற்றியது. இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத் (பெரிய குடம்) அளவுள்ள நீரில் அசுத்தம் விழுந்தாலும் இம்மூன்றில் ஒன்று மாறினால்தான் அது அசுத்தமாகும். குடிக்க ஏற்றதா என்பது வேறு கேள்வி. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வங்கதேசமே இதற்குச் சான்று. குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்தும் காலராவிலிருந்தும் மக்களைக் காக்க 1970களில் அங்கே ஏராளமான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. தெளிந்த, வாடையற்ற அந்த நீரில் ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம் கலந்திருப்பது 1993இல்தான் தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேசத்தின் வரம்பு 50. அதைத் தாண்டிய கிணறுகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். கண்ணும் மூக்கும் நாக்கும் காட்டிக்கொடுக்காத நஞ்சு, தோல் புண்ணாகவும் புற்றுநோயாகவும் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்கிறார். கிருமிகளுக்கு அது சரி, ஆனால் ஆர்சனிக் ஆவியாகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். மார்க்கத்தில் இதற்கு வழிகாட்டுதல் தேடுவோர் ‘தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது’ என்ற நபிமொழியிலிருந்தே தொடங்க வேண்டும். சிவப்புக் குழாயின் நீரில் ஒளு செய்யலாம், குடிக்கக் கூடாது என்று ஓர் இமாம் சொன்னால், அதில் முரண் எதுவும் இல்லை.