டவர் மனுவில் கதிர்வீச்சை நான் ஏன் அடிக்கச் சொன்னேன்

எங்கள் சந்தில் செல்போன் டவர் வைக்கக் கூடாது என்ற மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் முதல் காரணமாக எழுதியிருந்த கதிர்வீச்சை அடிக்கச் சொன்னேன். அதில் சிலருக்கு என்மேல் வருத்தம். டவர் கதிர்வீச்சுக்கு இந்தியா 2012இல் கொண்டுவந்த வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான். அளந்து பார்த்த தாள் ஒன்றைக் காட்டி நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பயமெல்லாம் டவரின் அடியில் என்ன இருக்கப்போகிறது என்பதில்தான்.

கரண்ட் போனாலும் சிக்னல் நிற்கக் கூடாது என்பதால் டவர் பக்கத்திலேயே பேட்டரிகள் வரிசையாக இருக்கும். பல இடங்களில் டீசல் ஜெனரேட்டரும் இருக்கும். இங்கே இவை வரப்போவது மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில். கீழே ஜவுளி குடோன், மேலே குடும்பங்கள், ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. டீசல் கேனும் அந்தப் படியில்தான் ஏற வேண்டும்.

ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றோட்டம் இல்லாத அறையில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். லித்தியம் பேட்டரியில் ஒரு செல் சூடேறினால் பக்கத்து செல்லையும் பற்றவைக்கும். அணைத்த பிறகும் மறுபடி பிடிக்கும். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பிடித்து, மேலே லாட்ஜில் தங்கியிருந்தவர்களில் 8 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது புகைதான்.

"மொட்டை மாடியில் எரிந்தால் புகை வானத்துக்குத்தானே போகும்?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் குடோனில் தீப்பிடித்துப் படிக்கட்டில் புகை அடைத்தால் மேல் வீட்டுக்காரர்கள் எங்கே ஓடுவார்கள்? மொட்டை மாடிக்குத்தான். டவர் வந்ததும் முதலில் அந்தக் கதவுக்குத்தான் பூட்டுப் போடுவார்கள். சாவி எப்போதோ வந்துபோகும் டெக்னீஷியனிடம் இருக்கும். எனக்குத் தூக்கம் வராமல் செய்வது இந்தப் பூட்டுதான்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2020 தீபாவளி அன்று விளக்குத்தூண் பக்கம் பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக் கடையில் தீப்பிடித்ததும், அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இடிபாட்டில் சிக்கி இறந்ததும் நமக்குத் தெரியும். போன சித்திரையில் எங்கள் சந்தில் ஒரு மீட்டர் பாக்ஸ் எரிந்தது. தீயணைப்பு வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து தண்ணீர்க் குழாயை இழுத்து வருவதற்குள் நாங்கள் மண்ணைக் கொட்டி அணைத்திருந்தோம். இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய சந்து இது.

டவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் சிக்னல் வேண்டும். இடம் கொடுத்த வீட்டுக்காரர் மேலும் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு அந்த வாடகை உதவியாக இருக்கும். வண்டி வந்து நிற்கிற அளவுக்கு அகலமான தெருவில், தரையில் வையுங்கள் என்கிறேன். இங்கேதான் வைப்போம் என்றால் டீசல் மேலே ஏறக் கூடாது, மாடிக் கதவின் சாவி ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும், வேலை தொடங்கும் முன் தீயணைப்பு அதிகாரி அந்தப் படிக்கட்டில் ஏறிப் பார்க்க வேண்டும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை காலை மனுவைத் திருத்தி எழுதுகிறோம். குடோன் பக்கம் குடியிருப்பவர்கள் அவசியம் வாருங்கள். சந்தின் அகலத்தை அளந்து அதையும் மனுவில் சேர்க்க வேண்டும்.