தட்டுக்கு வருமுன்பே வீணாவது
உணவு பெரும்பாலும் நம் சாப்பாட்டுத் தட்டில்தான் வீணாகிறது என்று இந்த உணவு விரயக் கட்டுரையை எழுதியவர் சொல்லியிருப்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. இலங்கை மலைநாட்டில் நாங்கள் மரக்கறி பயிரிடும் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் வந்து பாருங்கள். வெங்காயத்தாள் போன்ற லீக்ஸின் தண்டு வெள்ளையாக நீண்டு வர வேண்டுமென்றால், அது வளர வளர அடியில் மண் அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மாதக்கணக்கில் குனிந்த முதுகோடு செய்கிற வேலை அது. அப்படி வளர்த்ததைச் சாக்கில் திணித்து லொறியில் அடுக்கினால், மலை இறங்கி தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய்ச் சேரும்போது அடியில் இருப்பது நசுங்கிக் கிடக்கும். 2021இல் அரசாங்கம் தடை போட்டு இரசாயன உரம் திடீரென நின்றபோது எங்கள் உருளைக்கிழங்கு பாக்கு அளவுக்குத்தான் விளைந்தது, அதையும் வீணாக்காமல் அவித்துச் சாப்பிட்டோம். மேலே கருத்து எழுதிய ஒரு அண்ணன் மரக்கறி விலையைக் கொள்ளை என்கிறார். கொழும்பில் நீங்கள் கொடுக்கும் விலை எங்கள் கைக்கு வருவதில்லை அண்ணே. பிள்ளைகளைத் தட்டை வழித்துச் சாப்பிடச் சொல்வது சரி, அப்புறம் கடையில் கோணலான கரட்டையும் தயவுசெய்து ஒதுக்காமல் வாங்குங்கள்.