வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு

2025 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். தொலைக்காட்சியில் காசா செய்தி ஓடிக்கொண்டிருந்தது. போர் நிறுத்தம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. இடிந்து கிடந்த வீடுகளுக்கு நடுவே ஜனங்கள் மூட்டை முடிச்சோடு திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா பெருமூச்சு விட்டார். "அமெரிக்காக்காரனும் ரெண்டு வருஷமா சொல்லிப் பாத்தான். இஸ்ரேல் கேக்கலையே. அவன் என்னப்பா பண்ணுவான்?"

சித்தப்பா தினமும் இரண்டு பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர். அவரே இப்படி நம்புகிறாரே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்குள் இலை போட்டுவிட்டார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அன்றைக்கு அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கா சொல்லியும் இஸ்ரேல் கேட்கவில்லை என்பது பாதி உண்மைகூட இல்லை. அமெரிக்க அதிபர் மனப்பூர்வமாகச் சொன்ன நேரங்களில் இஸ்ரேல் கேட்டிருக்கிறது. சில நேரம் சில மாதங்களில், ஒரு தடவை இருபதே நிமிடத்தில்.

அந்த இருபது நிமிடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1982 ஜூனில் இஸ்ரேல் படை லெபனானுக்குள் நுழைந்தது. யாசர் அராஃபத்தும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைமையும் அப்போது மேற்கு பெய்ரூட்டில் இருந்தார்கள். நகரத்தைச் சுற்றி வளைத்து, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி, வாரக்கணக்கில் குண்டு போட்டார்கள். அராஃபத்தின் ஆட்கள் வெளியேறுவதற்கான பேச்சுவார்த்தை முடிகிற நேரத்தில், ஆகஸ்ட் 12 அன்று, மணிக்கணக்கில் விமானத் தாக்குதல் நடந்தது. அதிபர் ரீகன் இஸ்ரேல் பிரதமர் மெனாகெம் பெகினைத் தொலைபேசியில் அழைத்தார். ரீகன் இஸ்ரேலின் நண்பர், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அன்று என்ன பேசினார் என்பதை அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இதை நிறுத்தாவிட்டால் நம் இரு நாட்டு உறவே ஆபத்துக்குள்ளாகும் என்று சொன்னாராம். ஹோலோகாஸ்ட் (நாஜிகள் செய்த யூத இனப்படுகொலை) என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்தினாராம். பெகினின் பெற்றோரும் அண்ணனும் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். அவரிடம் போய் அந்தச் சொல்லைச் சொல்ல எவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டும்! இருபது நிமிடம் கழித்து பெகின் திரும்ப அழைத்தார். தாக்குதலை நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்றார்.

இதை ஒரு நல்ல கதையாக இங்கேயே முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. போராளிகள் பெய்ரூட்டை விட்டு வெளியேற ஒப்புக்கொண்டபோது, பின்னால் விட்டுப்போகும் பாலஸ்தீனக் குடும்பங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி கொடுத்ததும் அமெரிக்காதான். ரீகனின் தூதர் பிலிப் ஹபீப் பேசி முடித்த ஏற்பாடு அது. ஆனால் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் செப்டம்பர் 10 அன்றே ஊரைக் காலி செய்துவிட்டார்கள். ஆறு நாள் கழித்து, இஸ்ரேல் படை சுற்றி நின்றுகொண்டிருக்க, லெபனானின் ஃபலாஞ்சிஸ்டு ஆயுதக் கும்பல் சப்ரா, ஷட்டீலா அகதி முகாம்களுக்குள் புகுந்து, மூன்று நாள் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது. ஒரு அழைப்பு போதுமா என்று யாராவது கேட்டால், போதாது என்பதற்கும் சாட்சி இதே பெய்ரூட்தான். போனை வைத்த பிறகும் கண்ணை எடுக்காமல் இருந்திருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் 1956. இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து எகிப்தைத் தாக்கின. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஐசன்ஹோவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் மூன்று நாடுகளையும் எதிர்த்தார். பிரிட்டனும் பிரான்சும் சீக்கிரம் பின்வாங்கின. இஸ்ரேல் மட்டும் காசாவையும் சினாயின் தென்முனையையும் விடமாட்டேன் என்றது. செனட்டின் இரு கட்சித் தலைவர்களும் இஸ்ரேல் மீது தடை கூடாது என்றார்கள். 1957 பிப்ரவரி 20 அன்று ஐசன்ஹோவர் தொலைக்காட்சியில் நேராக மக்களிடமே பேசினார். ஐ.நா. எதிர்ப்பையும் மீறி இன்னொரு நாட்டைத் தாக்கி மண்ணைப் பிடித்தவர், வெளியேற நிபந்தனை போடலாமா என்று கேட்டார். மார்ச்சில் இஸ்ரேல் வெளியேறியது. ஆமாம், காசாவிலிருந்துதான்.

அப்புறம் 1991. சோவியத்திலிருந்து வந்து குவியும் யூதர்களைக் குடியமர்த்த 1,000 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்க உத்தரவாதம் வேண்டும் என்று பிரதமர் இட்ஸாக் ஷமிர் கேட்டார். அதே நேரத்தில் இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் மேற்குக் கரையில் யூதக் குடியேற்றங்களும் எழும்பிக்கொண்டிருந்தன. மூத்த ஜார்ஜ் புஷ் 120 நாள் தள்ளிப்போடுங்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்டார். அவருடைய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு நாடாளுமன்றக் குழு முன்னால் வெள்ளை மாளிகையின் தொலைபேசி எண்ணை வாய்விட்டுச் சொல்லி, இஸ்ரேலுக்குச் சமாதானத்தில் அக்கறை வந்ததும் எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொன்னவர். 1991 அக்டோபர் கடைசியில் மாட்ரிட் சமாதான மாநாட்டுக்கு ஷமிர் வந்து உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு தேர்தலில் தோற்றார். ரபீன் வந்தார். கடன் உத்தரவாதமும் கிடைத்தது.

மூத்த புஷ்ஷும் அந்த ஆண்டு தேர்தலில் தோற்றார். இஸ்ரேலைப் பகைத்ததால்தான் தோற்றார் என்று அவருக்குப் பிறகு வந்தவர்கள் பாடம் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அந்தத் தேர்தலைத் தீர்மானித்தது பொருளாதாரம் என்றுதான் நான் படித்த வரை தெரிகிறது. எப்படியோ, 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்தரையில் ரபீனும் அராஃபத்தும் கைகுலுக்க, நடுவில் கிளிண்டன் இரு கையையும் விரித்து நின்றார். அந்தப் படம் எங்கள் வீட்டுப் பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போது கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல் மேற்குக் கரையில் இருந்த குடியேறிகள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். இன்று சுமார் ஐந்து லட்சம். சமாதானப் பேச்சு என்ற பெயரில் மேஜையில் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்த காலம் முழுக்க, எந்த நிலத்தைப் பற்றிப் பேசினார்களோ அந்த நிலத்தில் சிமெண்ட் கலவை ஓடிக்கொண்டே இருந்தது. மேஜையைப் போட்டுக் கொடுத்த அமெரிக்கா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. "சமாதானத்துக்குத் தடை" என்று அறிக்கை விடும், பணத்தை நிறுத்தாது.

பணம் எவ்வளவு? ஒபாமா 2016இல் போட்ட ஒப்பந்தப்படி பத்து ஆண்டுகளுக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவி. குடியேற்றங்கள் பற்றி நெதன்யாகுவோடு எட்டு வருடம் மல்லுக்கட்டிய அதிபர் அவர். போகும்போது அதுவரை யாரும் கொடுக்காத பெரிய தொகையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். குடியேற்றங்கள் சட்டவிரோதம் என்ற ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானத்தை 2011இல் வீட்டோ போட்டுத் தடுத்ததும் அவர் அரசுதான். 2016 டிசம்பரில், பதவி முடிய ஒரு மாதம் இருக்கும்போது, அதே மாதிரித் தீர்மானத்துக்கு வாக்களிக்காமல் ஒதுங்கி வழி விட்டதும் அவர் அரசுதான். சரி என்று தெரிந்ததை, செலவில்லாத நேரம் வரும்வரை தள்ளிப்போடுவது. அவரை மிகவும் மதித்தவன் என்பதால் இது எனக்கு அதிகமாகவே வலித்தது.

இனி பைடன் காலம். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் செய்தது படுகொலை. சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள், 251 பேரைப் பிணைக்கைதிகளாக இழுத்துப் போனார்கள். குழந்தைகளும் பாட்டிகளும் அதில் இருந்தார்கள். அதற்கு நியாயம் கற்பிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் அதன் பிறகு காசாவில் நடந்ததற்கு அமெரிக்கா வெறும் பார்வையாளர் இல்லை. இஸ்ரேலின் போர் விமானங்கள் எஃப்-15, எஃப்-16, எஃப்-35. மூன்றும் அமெரிக்கத் தயாரிப்பு. குண்டுகளில் பெரும்பகுதியும் அங்கிருந்து வந்ததுதான். 2024 மே மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறையே ஒரு அறிக்கை கொடுத்தது. அமெரிக்க ஆயுதங்கள் சர்வதேசச் சட்டத்துக்கு முரணாகப் பயன்பட்டிருக்கலாம் என்று கருத இடமிருக்கிறது என்று அதில் எழுதினார்கள். எழுதிவிட்டு ஆயுதம் அனுப்புவதைத் தொடர்ந்தார்கள். 2,000 பவுண்டு குண்டுகளை மட்டும் பைடன் நிறுத்திவைத்தார். பிறகு ட்ரம்ப் வந்ததும் அதையும் விடுவித்தார்.

2024 மார்ச்சில் அமெரிக்க ராணுவ விமானங்கள் காசாவுக்கு மேலே பாராசூட்டில் உணவுப் பொட்டலம் போட்டதைப் பார்த்திருப்பீர்கள். உலகின் மிகப் பெரிய வல்லரசு, தன் ஆயுதத்தை வாங்கிக்கொண்டிருக்கும் நட்பு நாட்டிடம் "லாரியை உள்ளே விடு" என்று சொல்ல மாட்டாமல் வானத்திலிருந்து சோறு போட்டது. அது போதவில்லை என்று சுமார் 23 கோடி டாலர் செலவில் ஒரு மிதக்கும் துறைமுகம் கட்டினார்கள். அலை அடித்து உடைந்து, இருபது நாள் அளவுக்குத்தான் அது வேலை செய்தது. லாரிகள் போகும் சாலை பக்கத்திலேயே இருந்தது.

அந்தச் சாலை திறக்கும் என்பதும் உடனே தெரிந்தது. ஏப்ரல் 1 அன்று, உணவு வழங்கும் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பின் ஊழியர்கள் ஏழு பேர், வண்டியின் கூரையில் அமைப்பின் சின்னம் இருந்தும், இஸ்ரேலின் ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். ஏழு பேரில் ஆறு பேர் வெளிநாட்டவர். ஏப்ரல் 4 அன்று பைடன் நெதன்யாகுவை அழைத்தார். எங்கள் கொள்கை இனி நீங்கள் எடுக்கும் நடவடிக்கையைப் பொறுத்தது என்றார். அன்று இரவே காசாவின் வடக்கே உள்ள எரெஸ் கடவையைத் திறப்போம், அஷ்தோத் துறைமுகம் வழியாக உதவி விடுவோம் என்று இஸ்ரேல் அறிவித்தது. சில மணி நேரம்தான்! அதற்குள் காசாவில் 33,000 பேர் இறந்திருந்தார்கள் என்று அங்குள்ள சுகாதார அமைச்சகம் சொன்னது. அவர்களுக்காக ஏன் அந்த அழைப்பு ஒரு மாதம் முன்னால் வரவில்லை என்பதற்கு என்னால் ஒரு பதிலைத்தான் யோசிக்க முடிகிறது. எழுதவே கை கூசுகிறது.

பாதுகாப்பு அவையில் போரை நிறுத்தச் சொன்ன தீர்மானங்களை 2023 முதல் 2025 செப்டம்பர் வரை ஆறு முறை அமெரிக்கா வீட்டோ செய்தது. கடைசி முறை மற்ற 14 நாடுகளும் ஒரு பக்கம், அமெரிக்கா தனியாக மறு பக்கம். அதற்கு முந்தைய மாதம்தான் காசா நகரப் பகுதியில் பஞ்சம் என்று ஐ.நா. ஆதரவு பெற்ற நிபுணர் குழு முறைப்படி அறிவித்திருந்தது.

அதே செப்டம்பரில் என்ன நடந்தது? செப்டம்பர் 9 அன்று இஸ்ரேல் கத்தாரின் தலைநகர் தோஹாவில் ஹமாஸ் தலைவர்களைக் குறிவைத்துத் தாக்கியது. அமெரிக்காவின் பெரிய விமானத் தளம் இருக்கும் நாடு அது. இந்த முறை ட்ரம்ப்புக்கு உறைத்தது. செப்டம்பர் 29 அன்று வெள்ளை மாளிகையில் உட்கார்ந்தபடியே நெதன்யாகு கத்தார் பிரதமரிடம் போனில் மன்னிப்புக் கேட்டார். படத்தை வெள்ளை மாளிகையே வெளியிட்டது. மடியில் தொலைபேசியை வைத்திருப்பவர் ட்ரம்ப், ரிசீவரைக் காதில் வைத்துக் காகிதத்தைப் பார்த்துப் படிப்பவர் நெதன்யாகு. பதினொரு நாளில் போர் நிறுத்தம் வந்தது. உயிரோடு இருந்த 20 பிணைக்கைதிகளும் வீடு திரும்பினார்கள். காசாவின் சாவுக் கணக்கு 67,000ஐத் தாண்டியிருந்தது.

ட்ரம்ப்பைப் பாராட்ட இதைச் சொல்லவில்லை. காசாவைக் காலி செய்து கடற்கரைச் சொகுசு நகரமாக்கலாம் என்று அதே ஆண்டு பிப்ரவரியில் பேசியவர் அவர். முடியும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். முடியும் என்றால், அதற்கு முந்தைய இரண்டு வருடத்தின் ஒவ்வொரு நாளும் அமெரிக்கா எடுத்த முடிவுதான். அழைக்காமல் இருப்பதும் ஒரு கொள்கை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இப்படி எழுதினால் "யூதர்கள்தான் அமெரிக்காவை ஆட்டி வைக்கிறார்கள்" என்று சிலர் வந்துவிடுவார்கள். தயவுசெய்து அதை என் பதிவில் எழுதாதீர்கள். இஸ்ரேல் ஆதரவுக் குழுக்களின் பணபலம் உண்மைதான். அதைவிடப் பெரிய வாக்கு வங்கி எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களுடையது. ஆயுதக் கம்பெனிகளின் லாபமும் இருக்கிறது. 2023 அக்டோபர் 18 அன்று போரை நிறுத்து என்று அமெரிக்க நாடாளுமன்ற வளாகத்துக்குள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் கைதானவர்கள் யூதர்கள்தான்.

சித்தப்பா, இப்போது காசாவை விட்டுவிட்டு மேற்குக் கரையைப் பாருங்கள். கிழக்கு ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் குடியேற்றத்துக்கும் நடுவே ஈ-1 என்று பெரும்பாலும் வெற்றாகக் கிடக்கும் ஒரு குன்றுப் பகுதி. அங்கே வீடு கட்டினால் மேற்குக் கரை வடக்கு தெற்காக இரண்டாகத் துண்டாகும். 1990களிலிருந்து இருக்கும் திட்டம். அமெரிக்க அதிபர்கள் வேண்டாம் என்றதால்தான் முப்பது வருடமாக அது காகிதத்திலேயே கிடந்தது. அவர்கள் பேச்சை இஸ்ரேல் கேட்கும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. 2025 ஆகஸ்டில் சுமார் 3,400 வீடுகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. இந்த முறை வாஷிங்டன் தடுக்கவில்லை. அடுத்த மாதம் நெதன்யாகு மாலே அதுமிமுக்கே போய்க் கையெழுத்திட்டு, பாலஸ்தீன நாடு வராது என்று சொன்னார்.

அந்தக் குன்றுகளில் கான் அல்-அஹ்மர் என்ற பெதுயின் (அரபு நாடோடி மேய்ப்பர்) கிராமம் இருக்கிறது. 1950களில் நெகேவ் பாலைவனத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள். கான்கிரீட் கட்டடத்துக்கு அனுமதி கிடைக்காது என்பதால் பழைய டயர்களை அடுக்கி, மண்ணைக் குழைத்துப் பூசி, 2009இல் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். 2018இல் ஊரையே இடிக்க நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்ததால் இடிக்காமல் தள்ளிப்போட்டார்கள். அந்தப் பள்ளி வருவதற்கு முன்பு சுற்றுவட்டாரப் பிள்ளைகள் படிக்க ஜெரிகோ வரை போக வேண்டியிருந்தது.