ஆபீஸுக்குப் போடக்கூடிய பெயர்ஃபுட் ஷூ: எங்கே ஏமாறுகிறோம்?

வெறுங்காலில் நடப்பதுபோல் இருக்க வேண்டும் என்று, ஹீல் இல்லாமல், மெல்லிய சோலும் விரல்களுக்கு அகலமான இடமும் வைத்துச் செய்வதுதான் பெயர்ஃபுட் (barefoot) ஷூ. அந்தப் பெயரைக் கேட்டால் பலருக்கு இன்னும் ஞாபகம் வருவது விப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ்தான். கையுறை மாதிரி ஐந்து விரலும் பிரிந்து நிற்கும் அந்த ரப்பர் சமாச்சாரம். அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கோ கல்யாணத்துக்கோ எப்படிப் போவது என்று ஒதுக்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. பாதத்தைப் பலப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்காவில் அதன் மேல் வழக்கும் வந்தது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள்.

இப்போது நிலவரம் வேறு. இங்கிலாந்தின் விவோபெயர்ஃபுட், ஸ்லோவாக்கியாவின் பி லெங்கா, ஜெர்மனியின் கிரவுண்டீஸ், அமெரிக்காவின் ஸீரோ (Xero), லெம்ஸ் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. டெர்பி, செல்சி பூட், வெள்ளை ஸ்னீக்கர், பெண்களுக்கான பெல்லி ஷூ என எல்லா வடிவத்திலும் வருகிறது. செக் நாட்டில் அஹிம்சா என்ற பெயரிலேயே ஒரு கம்பெனி உண்டு, தோலே சேர்க்காமல் செய்கிறார்கள். எதிரில் நிற்பவர் குனிந்து பார்த்தாலும் இது வேறு ரக ஷூ என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

என் கருத்து இதுதான்: ‘பார்க்கச் சாதாரண ஷூ மாதிரியே இருக்கிறது’ என்பதில்தான் மோசடிக்கு இடமே இருக்கிறது. சாதாரணமாகத் தெரிவதற்காக எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நல்ல டிசைனர் அதைத் தையலிலும் நிறத்திலும் விட்டுக்கொடுப்பார். மோசமானவர் உங்கள் சுண்டுவிரலை நசுக்கிவிட்டுப் போவார். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது விரல்களுக்கு இருக்கும் இடத்தைத்தான்.

நம் கால் எப்படி இருக்கிறது? இறுக்கமான ஷூ போட்டே பழகாத காலில் அதிக அகலம் விரல் நுனிப் பக்கம் இருக்கும். நீளம் பெரும்பாலும் பெருவிரலில் முடியும். சாதாரண ஃபார்மல் ஷூவின் முனையோ நடுவில், கிட்டத்தட்ட இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கிறது. அப்போது பெருவிரல் உள்ளே வளைந்துதானே ஆக வேண்டும்? சரியான பெயர்ஃபுட் ஷூவில் உள்பக்க ஓரம் குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை நேர்கோடாகப் போகும். இரண்டு ஷூவையும் ஜோடியாக ஒட்டி வைத்துப் பாருங்கள். முன்பக்கம் ஆங்கில ‘வி’ போல் இடைவெளி விரிந்தால் அது பழைய அச்சுதான், பெயர் மட்டும் புதுசு.

இந்த அகலத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதில்தான் வேலைப்பாடு இருக்கிறது. விரலுக்கு மேலே வரும் குறுக்குத் தையலை ஓர் அங்குலம் பின்னால் தள்ளினால் முன்பக்கம் நீளமாகவும் ஒல்லியாகவும் தெரியும். சாதாரண ஷூவில் சோல், மேல்தோலைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சீவி மேல்தோலோடு சமமாக்கிவிட்டால், வெளி அகலம் கூடாமலே உள்ளே சில மி.மீ. கிடைத்துவிடும். மேல்தோலும் சோல் ஓரமும் ஒரே அடர் நிறமாக இருந்தால் உருவத்தின் எல்லைக்கோடு தெரியாது. வெள்ளைச் சோல் போட்டால் அந்தக் கோட்டைப் பேனாவால் வரைந்த மாதிரி ஆகிவிடும். பளபளப்புத் தோல் அகலத்தைக் காட்டிக்கொடுக்கும், மங்கலான தோலும் ஸ்வேடும் மறைக்கும். ஆகவே முதல் ஜோடிக்குக் கறுப்பு அல்லது அடர் பழுப்பு, மங்கலான தோல். வெள்ளை ஸ்னீக்கரை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சோலிலும் ஒரு வித்தை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு செ.மீ. உயரச் சோல் மாதிரி இருக்கும். கை விட்டுத் தடவினால் அது வெறும் விளிம்பு, பாதம் அதற்குள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கும். கீழே இருப்பது 5, 6 மி.மீ. ரப்பர்தான். ஹீலும் இப்படித்தான்: சோலின் நடுவில் மட்டும் கொஞ்சம் செதுக்கிவிட்டால் பக்கவாட்டில் ஹீல் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் குதிகாலுக்குக் கீழும் முன்பாதத்துக்குக் கீழும் ஒரே தடிமன். இவை இரண்டும் நேர்மையான வித்தைகள். ஒரே குறை, விளிம்பு ரொம்ப உயரமாக இருந்தால் ஷூ முறுக்கிக்கொடுக்காது.

கடையில் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனைகள் எளிது. இரண்டு விரலால் முன்பாதத்தில் மடக்கிப் பாருங்கள், மடங்க வேண்டும். நடுவிலும் மடங்க வேண்டும். வழக்கமான ஃபார்மல் ஷூவின் இடுப்புப் பகுதியில் ஷாங்க் என்று ஓர் இரும்புப் பட்டையோ ஃபைபர் பட்டையோ வைத்திருப்பார்கள். உயரமான ஹீலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே தொங்கும் பகுதியைத் தாங்கத்தான் அது. ஹீலே இல்லாத ஷூவில் அதற்கு வேலை இல்லை. அடுத்து, கட்டைவிரலை உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்துக் குதிகால் பக்கத் தடிமனைக் கிள்ளிப் பாருங்கள், பிறகு முன்பக்கம். வித்தியாசம் தெரிந்தால் கீழே வைத்துவிடலாம். கடைசியாக மேஜையில் வைத்துப் பாருங்கள். முனை ஒரு விரல் அளவுக்கு மேலே தூக்கி நின்றால் உங்கள் விரல்கள் நாள் முழுக்க அண்ணாந்தே இருக்கும்.

‘ஸீரோ டிராப்’ என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. ஆல்ட்ரா கம்பெனியின் ஓட்ட ஷூக்களில் பெரும்பாலானவை ஸீரோ டிராப்தான், முன்பக்கம் அகலம்தான், ஆனால் கீழே இரண்டு செ.மீ.க்கு மேல் மெத்தை இருக்கும். அது பெயர்ஃபுட் ஆகாது. நாள் முழுக்க கான்கிரீட் தரையில் நிற்கிறவர்களுக்கு அதுவே நல்லது என்றும் சொல்வேன். கான்வெர்ஸ் சக் டெய்லரும் தட்டைதான், ஆனால் விரல் பக்கம் குறுகல். ‘வைடு ஃபிட்’ என்று விற்பதில் பெரும்பாலும் முன்பாதத்தின் குமிழ்ப் பகுதிதான் அகலம், முனை பழையபடி கூம்பும்.

அளவு விஷயத்தில்தான் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அதிகம் பணத்தை விடுகிறார்கள். சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை லட்சம் பேருக்கு மேல் பாதத்தை ஸ்கேன் செய்து ஒரு சர்வே எடுத்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. ‘பா’ என்ற பெயரில் இந்தியர்களுக்கான தனி அளவு முறையைப் பரிந்துரைத்ததும் அதை வைத்துத்தான். நாம் இதுவரை அகலத்துக்காக ஒரு சைஸ் கூட்டி வாங்கி, லேஸை இழுத்துக் கட்டிக்கொண்டு திரிகிறோம். பெயர்ஃபுட் ஷூவில் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோனால் ஷூ தவறான இடத்தில் மடங்கும், படியேறும்போது முனை தட்டும்.

அளவை மி.மீ.யில் எடுங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம். சுவரோரம் ஒரு தாளைப் போட்டு, குதிகால் சுவரில் படும்படி, முழு எடையும் காலில் இருக்கும்படி நில்லுங்கள். மிக நீளமான விரல் நுனியில் ஒரு கோடு, அதிக அகலமான இடத்தில் இரண்டு பக்கமும் கோடு. பென்சிலைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் 3, 4 மி.மீ. அடிபட்டுவிடும். இரண்டு காலும் எடுத்து, பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தோடு 10 மி.மீ. கூட்டினால் ஷூவின் உள்நீளம். அதாவது கால் 262 என்றால் உள்ளே 272 தேவை. அட்டவணையில் 42, 43 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், உள்நீளம், உள்அகலம் என்று கொடுத்திருப்பதைப் பாருங்கள். ஐரோப்பிய சைஸ் ஒன்றுக்கு 6.67 மி.மீ., யூ.கே. சைஸ் ஒன்றுக்கு 8.47 மி.மீ. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதே அரை சைஸ் காணாமல் போகும்.

ஷூ வீட்டுக்கு வந்ததும் உள்ளே விரித்திருக்கும் இன்சோலை உருவித் தரையில் வைத்து அதன் மேல் நில்லுங்கள். விரல் எதுவும் வெளியே வழியக் கூடாது. இன்சோல் கழலாத ரகம் என்றால், காலை அட்டையில் வரைந்து, முனையில் ஒரு செ.மீ. கூட்டி வெட்டி உள்ளே விடுங்கள். அட்டை ஓரம் சுருண்டால் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். ‘போடப் போட விரியும்’ என்பது மேல்தோலுக்குப் பொருந்தும், சோலின் அகலத்துக்குப் பொருந்தாது. புறங்கால் உயரமாக இருப்பவர்கள் ஆக்ஸ்ஃபோர்டை விட்டுவிட்டு டெர்பி வாங்குங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் லேஸ் பகுதியின் அடி மூடித் தைத்திருக்கும், டெர்பியில் அது திறந்து விரியும் என்பதால் அழுத்தாது.

யாரும் சொல்லாத ஒன்று: பேன்ட். ஹீல் வைத்த ஷூவிலிருந்து இதற்கு மாறினால் இரண்டு செ.மீ.க்குக் குறையாமல் உயரம் போய்விடும். பழைய பேன்ட் குதிகாலில் மடிந்து தரையைப் பெருக்கும். ஷூ அசிங்கமாகத் தெரிகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குக் குறை ஷூவில் இல்லை, பேன்ட் ஓரத்தில்தான். டெய்லரிடம் கொடுத்துக் குறைத்தாலே தோற்றம் சரியாகிவிடும். கீழே ரொம்பக் குறுகும் பேன்டும் வேண்டாம், ஷூவின் அகலம் இரட்டிப்பாகத் தெரியும்.

பலன் பற்றி. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் 2021இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் இந்த மாதிரி ஷூவைத் தினசரி போட்டவர்களுக்கு விரல் மடக்கும் வலு சராசரியாக 57 சதவீதம் கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் கவனிக்கத் தக்கது. இன்னொரு பக்கம், 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பழகிய ஓட்டக்காரர்கள் 19 பேரைப் பத்து வாரத்தில் ஃபைவ்ஃபிங்கர்ஸுக்கு மாற்றினார்கள். அதில் 10 பேருக்குப் பாத எலும்பு மஜ்ஜையில் வீக்கம் கூடியது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. தசை சில வாரத்தில் பழகிவிடும், எலும்புக்கும் குதிகால் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். இரண்டு ஆய்வையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இவ்வளவுதான்.

ஆகவே முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஆபீஸுக்குள்ளே மட்டும். பிறகு வாரா வாரம் அந்தத் தினசரி நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். பழைய ஷூவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம், கனமான பை தூக்கிக்கொண்டு நடப்பது எல்லாம் மூன்று மாதத்துக்கு வேண்டாம். அடியெடுப்பைச் சின்னதாக்குங்கள், குதிகாலால் தரையை இடிக்கிற நடை இந்தச் சோலில் செல்லாது. ஆடுதசை வலித்தால் பயப்பட வேண்டாம். பாதத்தின் மேல்புறம், இரண்டாம் மூன்றாம் விரலுக்குப் பின்னால், விரல் வைத்துக் காட்டுமளவுக்கு ஒரே புள்ளியில் வலித்தால் அன்றோடு நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது. ஆணி குத்தினாலும் தெரியாத காலுக்கு 5 மி.மீ. சோல் ஆபத்து. அவர்களுக்கு மருத்துவமனையில் எழுதிக்கொடுக்கும், மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்புதான் சரி. உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால், வாங்குவதற்கு முன்பே நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மணிப்பால் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளைப் பார்த்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிகிறவர்களில் 8.6 சதவீதம் பேருக்கும், அணியாதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. விரலை மூடும் ஷூக்கள்தான் அதிகம் பாதித்தன. நம் ஊர் ஸ்கூல் ஷூவைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள், பெரியவர்களாலேயே மடக்க முடியாது. கறுப்பு, லேஸ் அல்லது ஒட்டுப்பட்டை என்பதைத் தவிர ஸ்கூல் வேறு எதுவும் கேட்பதில்லை. அந்த விதிக்குள்ளேயே மெல்லிய, அகலமான ஷூ வாங்கிக்கொடுக்கலாம்.

நம் வெயிலில் மே மாதத் தார் ரோட்டின் சூடு சில நிமிடத்தில் உள்ளே ஏறும். இன்சோலைக் கழற்றாமல் வைத்துக்கொண்டால் கொஞ்சம் தாங்கும். கருவேல முள் நேராக ஏறிவிடும், காட்டுப் பாதைக்கு இது வேண்டாம். ஈர டைல்ஸில் வழவழப்பான சோல் வழுக்கும், ஆழமில்லாவிட்டாலும் கோடு வெட்டிய சோலாகப் பாருங்கள். பைக்கில் போகிறவர்களுக்கு இடது ஷூ முதலில் போகும். முனையில் விறைப்பு அட்டை இல்லாததால் கியர் லீவர் மேல்தோலைத் தேய்த்து, விரல் நகத்தையும் அழுத்தும். லீவருக்கு ரப்பர் உறை மாட்டுங்கள், அல்லது பைக்குக்கு வேறு ஷூ.

சோல் தேய்ந்தால் ஷூவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டால் அவர் நல்லெண்ணத்தோடு தடியான சோலையும் ஹீல் துண்டையும் ஒட்டிவைத்துவிடுவார். கூடவே நின்று, 3 அல்லது 4 மி.மீ. ரப்பர் ஷீட் போதும், ஹீல் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய பசையை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகே புதுப் பசை. இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்ததும் சூடு காட்டி அழுத்த வேண்டும். ஓரத்தையும் ஒரு சுற்றுத் தைக்கச் சொல்லுங்கள். முன்பாதம் மடங்கும் இடத்தில்தான் பசை முதலில் விடும்.